பூஸ்ட் ஏன் தாமதமாக ஏறுகிறது? மாற்றியமைத்த டர்போ காரில் பழுதைத் தேடும் முறை

டர்போ, இன்டர்கூலர், எக்ஸாஸ்ட் என எல்லாவற்றையும் மாற்றிய ஒரு காரில் பூஸ்ட் (டர்போ என்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம்) மெதுவாக ஏறுகிறது என்று உரிமையாளர் குறைப்பட்டால், 'பெரிய டர்போ போட்டால் அப்படித்தான் இருக்கும்' என்ற பதில் பெரும்பாலும் தயாராகவே இருக்கிறது. சில வேளைகளில் அந்தப் பதில் சரியும்கூட. ஆனால் அந்த டர்போவுக்கு இயல்பான தாமதம் எவ்வளவு, அதற்கு மேல் பழுதினால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் சொன்னால், அது வெறும் சமாதானமாகவே முடியும். இங்கே சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ காரை வைத்து இதைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2004 மாடலாக அறிமுகமான இந்தக் கார், 2021 மாடல் வரை இஜே257 என்ற 2,457 சிசி பாக்ஸர் என்ஜினுடனேயே விற்கப்பட்டது. ஒரே என்ஜின் இத்தனை ஆண்டுகள் நீடித்ததால், எந்த மாற்றம் என்ன விளைவைத் தரும், எந்த உறுப்பு எங்கே காலை வாரும் என்பது டியூனர்களுக்கு நன்கு பழகிப்போன விஷயம்.

முதலில் குறையையே சரியாக வரையறுக்க வேண்டும். 'மெதுவாக ஏறுகிறது' என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு குறைகள் மறைந்திருக்கின்றன. டர்போவில் எக்ஸாஸ்ட் வாயுவால் ஓடும் சக்கரமான டர்பைனைச் சுழற்றப் போதிய வாயு கிடைக்கத் தொடங்கும் ஆர்பிஎம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் முழு பூஸ்ட் வராது. அந்த எல்லைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று அழுத்தினால், பூஸ்ட் எழும்ப எடுக்கும் நேரம் வேறு. முதலாவது ஆர்பிஎம்மில் அளக்கப்படுவது, இரண்டாவது நொடியில் அளக்கப்படுவது. 2,500 ஆர்பிஎம்மில் ஒன்றும் நடக்கவில்லை என்பவருக்கும், 4,500 ஆர்பிஎம்மில் கியர் மாற்றிய பிறகு ஒரு கணம் வெறுமையாக இருக்கிறது என்பவருக்கும் ஒரே மருந்து பொருந்தாது. முன்னவரின் காரில் டர்பைனுக்குச் சேரும் ஆற்றலைத் தேட வேண்டும். பின்னவரின் காரில் த்ராட்டில் மூடும்போது பூஸ்ட்டைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு, த்ராட்டில் மேப்பிங், சுழலும் பாகத்தின் எடை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இக்கட்டுரை பெரும்பாலும் முதல் குறையைப் பற்றியது. பட்டறைக்கு வருவதில் பெரும்பகுதி அதுதான்.

அளவீடு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. என்ஜின் கணினியான இசியுவிலிருந்து ஆர்பிஎம், மேனிஃபோல்டு அழுத்தம், த்ராட்டில் திறப்பு, வேஸ்ட்கேட் டியூட்டி (டர்பைனைத் தவிர்த்து வாயுவை வெளியேற்றும் கதவைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு இயங்கும் சதவீதம்), காற்றோட்ட அளவு, எரிபொருள் கலவை விகிதம், இக்னிஷன் நேரம், கேம் கோணம் ஆகியவற்றை ஒரே ஓட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். சக்தி அளக்கும் மேடையான டைனோவிலோ மூடிய தடத்திலோ, ஒரே கியரில், 2,000 ஆர்பிஎம்மில் தொடங்கி முழு த்ராட்டிலில் ஓட்டுவது வழக்கம். கியர் முக்கியம், ஏனென்றால் இரண்டாம் கியரில் என்ஜின் சுழற்சி வேகமாக ஏறிவிடுவதால் டர்போ வேகம் பிடிப்பதற்குள் ஆர்பிஎம் கடந்துபோய்விடும். அதே கார் நான்காம் கியரில் பல நூறு ஆர்பிஎம் முன்பாகவே முழு பூஸ்ட்டைத் தொடும். ஒருவர் நான்காம் கியர் வரைபடத்தையும் இன்னொருவர் இரண்டாம் கியர் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு யார் கார் மேல் என்று வாதிடுவதில் பொருளில்லை. கடல்மட்டத்திலிருந்து உயரமும் அப்படியே. ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் காற்றழுத்தம் சுமார் 83 கிலோபாஸ்கல்தான். கடல்மட்டத்தில் 1 பார் பூஸ்ட்டுக்கு டர்போவின் காற்றழுத்தும் சக்கரமான கம்ப்ரெசர் காற்றை ஏறத்தாழ 2 மடங்கு அழுத்தினால் போதும். டென்வரில் அதே மீட்டர் அளவுக்கு 2.2 மடங்கு அழுத்த வேண்டும், அதுவும் டர்பைனுக்குக் குறைவான வாயுவே கிடைக்கும் நிலையில். மலைநகரத்துக் கார் சில நூறு ஆர்பிஎம் பிந்துவது பழுதாகாது.

அடுத்து, பொருத்தப்பட்டிருக்கும் டர்போவிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரிய வேண்டும். தொழிற்சாலை டர்போவுடன் இஜே257 நான்காம் கியரில் சுமார் 3,000 முதல் 3,300 ஆர்பிஎம்முக்குள் ஏறத்தாழ 1 பார் பூஸ்ட்டைத் தொட்டுவிடும். தொழிற்சாலை இடத்திலேயே பொருந்தும் 20ஜி எனப்படும் ஒரு படி பெரிய டர்போ இதைவிடச் சில நூறு ஆர்பிஎம் பின்னால் வரும். முழு இடமாற்றம் செய்து பொருத்தப்படும் பெரிய டர்போக்கள் 4,000க்கு மேலும் போகலாம். இதற்குக் காரணம் எளிய இயற்பியல். வடிவம் மாறாமல் சக்கரத்தின் விட்டம் 20 சதவீதம் கூடினால், அதன் சுழற்சித் தடை விட்டத்தின் ஐந்தாம் அடுக்காக ஏறி ஏறத்தாழ 2.5 மடங்காகிறது. பெரிய சக்கரம் அதே அழுத்தத்தைக் குறைந்த சுழற்சியிலேயே தந்துவிடும் என்பதால், அதற்குள் சேர்க்க வேண்டிய ஆற்றல் 1.7 மடங்களவில் நிற்கும். ஆக, 20ஜி போட்ட கார் 3,600இல் எழுந்தால் அது நலமாக இருக்கிறது. 4,300இல் எழுந்தால் எங்கோ ஆற்றல் ஒழுகுகிறது.

பெரிய டர்போவுக்கு அடுத்தபடியாக முன்புற இன்டர்கூலர் மீதுதான் பழி விழும். அதன் குழாய்களை நிரப்பவே நேரம் போய்விடுகிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேல்பக்க இன்டர்கூலரை எடுத்துவிட்டு முன்புறம் ஒன்று வைத்ததால் கூடுதலாக 8 லிட்டர் கொள்ளளவு சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 பார் பூஸ்ட் ஏற வேண்டுமானால் வெளிக்காற்று இன்னுமொரு 8 லிட்டர் உள்ளே போக வேண்டும். 2,457 சிசி என்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் பூஸ்ட் இல்லாமலேயே நொடிக்கு ஏறத்தாழ 61 லிட்டர் காற்றை இழுக்கிறது. அந்த வேகத்தில் 8 லிட்டர் என்பது 0.13 நொடி. நான்காம் கியரில் பூஸ்ட் எழும் கட்டத்தில் கார் நொடிக்கு 300 முதல் 400 ஆர்பிஎம்தான் ஏறும் என்பதால், இழப்பு ஏறத்தாழ 50 ஆர்பிஎம். 700 ஆர்பிஎம் காணாமல் போனதற்கு இன்டர்கூலரின் கொள்ளளவு காரணமாக இருக்கவே முடியாது. ஆனால் அதை மாற்றியபோது புதிதாக முளைத்த ஏழெட்டு ஹோஸ் இணைப்புகளும் கிளாம்புகளும் காரணமாக இருக்கலாம். பழி ஒன்றின் மீது, பழுது அதன் பக்கத்தில் என்பது இந்த வேலையில் அடிக்கடி நேர்வது.

பதிவு கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய கோடு வேஸ்ட்கேட் டியூட்டி. பூஸ்ட் இலக்கை எட்டாதவரை இசியு இந்தச் சோலனாய்டை உயர்ந்த சதவீதத்தில் இயக்கி, வேஸ்ட்கேட்டை மூடியே வைக்க முயல வேண்டும். டியூட்டி உச்சத்தில் நிற்க, பூஸ்ட் சோம்பலாக ஏறினால், இசியு தன் பங்கைச் செய்கிறது, இயந்திரப் பகுதியில் குறை இருக்கிறது என்று பொருள். டியூட்டியே தாழ்ந்து கிடந்தாலோ சுழியத்தில் இருந்தாலோ குறை பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியில் இருக்கிறது. ஸ்பேனரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஒரு கேள்விக்கு விடை காணாமல் டர்போவைக் கழற்றுகிறவர்கள் பலர் உண்டு.

சுபாரு இசியு டியூட்டியைத் தானே குறைப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், வெளிக்காற்றழுத்தம், முதல் கியர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பூஸ்ட் இலக்கைத் திருத்தும் அட்டவணை இருக்கிறது. இவற்றைவிட முக்கியமானது நாக் (சிலிண்டருக்குள் கலவை கட்டுமீறி வெடிப்பது) பாதுகாப்பு. ஐஏஎம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இக்னிஷன் பெருக்கி இந்தக் கார்களில் 1 என்ற மதிப்பில் நிற்க வேண்டும். எரிபொருள் தரக்குறைவாலோ பொருந்தாத டியூனாலோ நாக் தொடர்ந்தால் அது இறங்கும், ஒரு வரம்புக்குக் கீழே போனால் பூஸ்ட் கட்டுப்பாடே நிறுத்தப்பட்டு வேஸ்ட்கேட் ஸ்பிரிங் அழுத்தத்தோடு கார் ஓடும். அப்போது ஓட்டுபவருக்குத் தோன்றுவது 'டர்போ செத்துவிட்டது' என்பதுதான். உண்மையில் என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. நாக் எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்த கேள்வி. டர்போவை மாற்றிவிட்டுப் பழைய டியூனிலேயே ஓட்டும்போது, பூஸ்ட் எழும் பகுதிக்கான டியூட்டி அட்டவணை சிறிய டர்போவுக்கு ஏற்றபடி குறைவாக எழுதப்பட்டிருப்பதும் சாதாரணமாகக் காணப்படும் காரணம்.

டியூட்டி சரியாக இருந்தும் பூஸ்ட் வராவிட்டால், வேஸ்ட்கேட்டின் சின்னக் குழாய்களைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை அமைப்பில் கம்ப்ரெசரிலிருந்து வரும் அழுத்தம் ஒரு சிறு துளை கொண்ட 'பில்' வழியாக வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகிறது. இரு துளைச் சோலனாய்டு அந்த அழுத்தத்தில் ஒரு பகுதியை ஏர் இன்லெட் பக்கம் கசியவிட்டு வேஸ்ட்கேட் திறப்பதைத் தள்ளிப்போடுகிறது. அந்த 'பில்' ஹோஸின் உள்ளே ஒளிந்திருப்பதால், ஹோஸை மாற்றும்போது அது பழைய ஹோஸோடு குப்பைக்குப் போய்விடுவது எளிது. போய்விட்டால் சோலனாய்டு எவ்வளவு கசியவிட்டாலும் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் குறையாது, வேஸ்ட்கேட் சீக்கிரமே திறந்துகொள்ளும். மாற்றியமைத்த கார்களில் பெரும்பாலும் மூன்று துளைச் சோலனாய்டு இருக்கும். அதற்கு 'பில்' தேவையில்லை, ஆனால் மூன்று குழாய்களில் இரண்டு இடம் மாறினாலும் கணக்கு கெட்டுவிடும்.

ஆக்சுவேட்டரைச் சோதிக்க ஒரு கைப்பம்பும் அழுத்தமானியும் போதும். அழுத்தத்தை மெல்ல ஏற்றி, தண்டு எந்த அழுத்தத்தில் அசையத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். உடனே அழுத்தத்தை நிறுத்தி, அது நிற்கிறதா இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்டின் முன்னிழுவிசை தளர்ந்திருந்தால் எக்ஸாஸ்ட் அழுத்தமே கதவைக் கொஞ்சம் தள்ளித் திறந்துவிடும். பூஸ்ட் எழும் கட்டத்தில் வாயு டர்பைனைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். தண்டைக் கழற்றி, கதவு முழுமையாக அமர்கிறதா என்று கையால் அசைத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. ஆக்சுவேட்டர் குழாயைப் பிடுங்கிவிட்டுக் காரை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது பூஸ்ட்டுக்கு எல்லையே இல்லாமல் செய்துவிடும் என்பதால், இஜே257 என்ஜினில் நிச்சயம் செய்யத் தகாதது.

அடுத்தது காற்றுக்கசிவு. என் மதிப்பில் மாற்றியமைத்த கார்களில் இதுவே முதல் சந்தேகத்துக்குரியது, அளவீட்டிலும் இது தன்னைக் காட்டிக்கொடுக்கும். இந்த சுபாருக்கள் காற்றை அளந்து எரிபொருளைப் பீய்ச்சுபவை. காற்றளவு சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. டர்போவுக்குப் பின்னால் காற்று ஒழுகினால், அளக்கப்பட்டு என்ஜினுக்குள் சேராத காற்றுக்கும் சேர்த்து எரிபொருள் விழும். பூஸ்ட் சோம்பலாகவும் கலவை கெட்டியாகவும் ஒருசேர இருப்பது அதன் கையெழுத்து. சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே கசிந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே நுழைவதால் கலவை மெலிந்து, எரிபொருள் திருத்தம் மேலே போகும். எவ்வளவு ஒழுகுகிறது என்பதைக்கூட மதிப்பிடலாம். 3,500 ஆர்பிஎம்மில் 1 பார் பூஸ்ட், மேனிஃபோல்டுக் காற்று 40 டிகிரி, சிலிண்டர்கள் 90 சதவீதம் நிரம்புகின்றன என்று கொண்டால், இந்த என்ஜின் நொடிக்குச் சுமார் 144 கிராம் காற்றை விழுங்க வேண்டும். பதிவில் 170 என்று இருந்தால், ஏறத்தாழ 15 சதவீதம் வழியில் எங்கோ போகிறது. இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: இன்டேக் குழாயை மாற்றிவிட்டு அதற்கேற்ப சென்சார் அளவுகோலைத் திருத்தாவிட்டால் எண்ணே பொய் சொல்லும். சென்சாரையே நீக்கி அழுத்தத்தை வைத்து டியூன் செய்யப்பட்ட காரிலும் இந்தத் தடயம் கிடைக்காது.

கசிவைக் கண்ணால் காண அழுத்தச் சோதனை தேவை. காற்றளவு சென்சாருக்குப் பின்னுள்ள இன்லெட் வாயை அடைத்து, ரெகுலேட்டர் வழியாக 15 பிஎஸ்ஐ வரை மெதுவாகக் காற்றை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். முகத்தை நேரே நீட்டக் கூடாது. கழன்றுகொள்ளும் ஹோஸ் கண்ணைக் காயப்படுத்தும். கிராங்க்கேஸ் காற்றோட்டக் குழாய் இன்லெட்டோடு சேர்வதால், அந்த வழியை அடைக்காவிட்டால் காற்று என்ஜின் அடிப்பகுதிக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளும். இந்தக் காரில் முதலில் பார்க்க வேண்டிய இடம், டர்போவுக்கும் மேல்பக்க இன்டர்கூலருக்கும் நடுவிலுள்ள குட்டையான ரப்பர் ஹோஸ். இன்டர்கூலரைத் திரும்ப இறக்கும்போது அதன் உதடு உள்பக்கமாக மடிந்துகொள்ளும். மேலிருந்து பார்த்தால் கிளாம்ப் நன்றாக இறுகியிருப்பதாகவே தோன்றும். பிறகு பைபாஸ் வால்வின் கேஸ்கெட்டும் அதன் டயஃப்ரமும், த்ராட்டில் பாடி ஹோஸும், இன்ஜெக்டர் ஓ-வளையங்களும், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டும். இன்லெட் ஹோஸ் மேனிஃபோல்டுக்கு அடியில் நீளமாக ஓடுவதால், டர்போவைக் கழற்றி மாட்டும்போது அதில் விழும் கிழிசல் பல மாதங்கள் கண்ணில் படாமலே இருக்கும். மெல்லிய சிலிக்கான் இன்லெட் போட்டவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: நின்றிருக்கும்போது நன்றாக இருக்கும் அந்தக் குழாய், முழு உறிஞ்சலில் தட்டையாக அமுங்கலாம்.

டர்பைனுக்கு முன்னால் நிகழும் எக்ஸாஸ்ட் கசிவு இதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் அது கலவையில் தெளிவாகத் தெரியாது, அதைத் தேடுபவரும் குறைவு. பாக்ஸர் என்ஜினில் இரண்டு பக்க ஹெட்டுகளிலிருந்தும் வரும் வாயு அடியில் சேர்ந்து, அப்பைப் என்ற குழாய் வழியாக மேலேறி டர்போவை அடைகிறது. இவ்வளவு நீண்ட பாதையில் ஹெட்டோடு சேரும் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டுகள், ஹெடர் இணைப்புகள், அப்பைப்பின் இரு முனைகள் என ஒவ்வொன்றும் சூட்டில் விரிந்து சுருங்குகிறது. டர்பைன் வேலை செய்வது அதன் இரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாட்டாலும் வாயுவின் சூட்டாலும்தான்; பூஸ்ட் எழும் கட்டத்தில் இரண்டும் சொற்பம் என்பதால் சின்ன ஓட்டைக்கே பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும். உயர் ஆர்பிஎம்மில் வாயு மிகுந்துவிடும்போது அதே ஓட்டை பொருட்டாகாமல் போகும். கீழே சோம்பல், மேலே இயல்பு என்று வரைபடம் காட்டினால் இங்கே பார்க்க வேண்டும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் 'டிக் டிக்' ஒலி சூடானதும் மறைவதும், வெப்பக் கவசத்தைக் கழற்றினால் இணைப்பைச் சுற்றிக் கரிய விசிறிபோலப் புகைக்கறை படிந்திருப்பதும் அடையாளங்கள். சைலன்சர் முனையை அடைத்துப் புகை இயந்திரத்தால் சோதித்தால் இடம் துல்லியமாகக் கிடைக்கும்.

கசிவே இல்லை என்றால், என்ஜின் போதிய சூடான வாயுவைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்புக்காக 2,500 ஆர்பிஎம்மிலேயே கலவையை மிகக் கெட்டியாக வைக்கும் டியூன், எக்ஸாஸ்ட்டைக் குளிரவைத்து டர்பைனைப் பட்டினி போடுகிறது. கேம் கோணம் இதைவிடப் பெரிய கருவி. சுபாருவின் ஏவிசிஎஸ் என்ற, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு இன்டேக் கேமை முன்னகர்த்தும்போது தாழ்ந்த ஆர்பிஎம்மில் சிலிண்டர்கள் நன்றாக நிரம்புகின்றன, பூஸ்ட் முன்கூட்டியே எழுகிறது. 2008 முதல் எஸ்டிஐயில் எக்ஸாஸ்ட் கேமுக்கும் இந்த வசதி உண்டு. பதிவில் இசியு கேட்கும் கோணத்தை உண்மைக் கோணம் எட்டுகிறதா, இரண்டு பக்கமும் ஒன்றாக நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பின்தங்கினால் ஆயில் வழியைச் சந்தேகிக்கலாம்: ஆயில் குழாயின் பாஞ்சோ போல்ட்டுக்குள் (ஆயில் போக நடுவில் துளையுள்ள போல்ட்) இருக்கும் சல்லடை, ஆயிலை நாள்கடந்து மாற்றும் கார்களில் அடைத்துக்கொள்ளும். டர்போவுக்கு ஆயில் தரும் போல்ட்டிலும் அதேபோன்ற சல்லடை இருப்பதால், அது அடைத்தால் பூஸ்ட் தாமதம் என்பது அடுத்து வரும் பேரிங் சேதத்துக்கு முன்னறிவிப்பாகவே இருக்கும். டைமிங் பெல்ட்டை அண்மையில் மாற்றியிருந்து, ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தாலும் கார் ஓடத்தான் செய்யும். கீழ்ப்பகுதி மட்டும் உயிரற்றுப் போகும்.

இஜே257 விஷயத்தில் கம்ப்ரெஷன் சோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. பிஸ்டனில் வளையங்களுக்கு இடையிலுள்ள பகுதி உடைவது இந்த என்ஜினின் பெயர்பெற்ற பலவீனம். உடைந்த சிலிண்டர் வாயுவைக் கிராங்க்கேஸுக்குள் அனுப்பும்போது டர்பைனுக்குப் போவது குறைகிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்திருந்தால் டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் கூடி, மேற்சொன்ன வேறுபாடு சுருங்கும். ஆனால் அப்போது கீழே மட்டுமல்லாமல் மேலேயும் இழுவை இருக்காது என்பதால் பிரித்தறிவது எளிது.

டர்போவைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அதைக் கழற்றும் உழைப்பு. இன்லெட் ஹோஸை மட்டும் நீக்கிவிட்டு விரலால் அச்சைச் சோதிக்கலாம். பக்கவாட்டில் சிறிது அசைவு இருப்பது ஆயில் படலத்தில் மிதக்கும் ஜர்னல் பேரிங்குக்கு இயல்பு. முன்பின்னாக உணரும்படி அசைந்தாலோ, சக்கரத்தின் விளிம்பு உறையில் உரசிய பளபளப்பு தெரிந்தாலோ அது தேய்ந்துவிட்டது. டர்பைன் பக்கத்தைக் காண டவுன்பைப்பை இறக்க வேண்டும். சக்கர இதழின் நுனி உடைந்திருக்கிறதா, வேஸ்ட்கேட் கதவின் இருக்கையில் விரிசல் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். இதுவும் நலம், முந்தியவை எல்லாமும் நலம் என்றால் மிஞ்சுவது தேர்வு: அந்த டர்பைன் ஹவுசிங் இந்த என்ஜினுக்குப் பெரியது. ஒரு படி சிறிய ஹவுசிங்கை மாற்றினால் கீழே சில நூறு ஆர்பிஎம் திரும்பக் கிடைக்கும், மேலே அதற்கீடாகக் கொஞ்சம் குதிரைத்திறன் போகும். எது தேவை என்பதை, தான் பெரும்பாலும் எந்த ஆர்பிஎம்மில் ஓட்டுகிறோம் என்பதை அன்றாட ஓட்டத்தில் எடுத்த ஒரு பதிவில் பார்த்து உரிமையாளர் முடிவு செய்யலாம்.